எந்த ஸ்டோமா பை நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஓட்டையை அளந்து பாருங்கள்

அப்பாவுக்கு இலியாஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் ஒரு திறப்பு வழியாக வெளியே எடுத்துவைப்பது, அந்தத் திறப்புதான் ஸ்டோமா) செய்து ஐந்து வாரம் ஆகிறது, வெளியேறுவதைப் பிடிக்க அதன் மேல் ஒட்டுகிற பை ஒன்றரை நாள்கூட நிற்பதில்லை, சுற்றியுள்ள தோல் வெந்துபோய்விட்டது, மூன்று கம்பெனிப் பைகளை மாற்றிப் பார்த்தாயிற்று, வாசலைத் தாண்டமாட்டேன் என்கிறார், இனி எந்தப் பை வாங்கினால் சரியாகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இலியாஸ்டமி வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. பெருங்குடலில் புண் முற்றிப்போய் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள், ஆகவே எனக்கு இது நிரந்தரம். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல் பிளேட் (பையைத் தாங்குவதற்காக ஸ்டோமாவைச் சுற்றித் தோலில் ஒட்டுகிற பசைத் தகடு) ஒட்டிக் கழற்றியிருப்பேன், புதிதாக ஸ்டோமா வைத்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போதைக்கு நான்காவது கம்பெனிப் பையை வாங்காதீர்கள். ஒழுகினால் நாம் உடனே பையைத்தான் திட்டுவோம், நானும் அப்படித்தான் திட்டினேன். ஆனால் தவறு பெரும்பாலும் பையில் இருக்காது. பிளேட்டில் வெட்டுகிற ஓட்டையின் அளவில் இருக்கும், அல்லது பிளேட் உட்காருகிற தோலில் இருக்கும், அல்லது அப்பா உட்காரும்போது அவர் வயிறு மடிகிற விதத்தில் இருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் எத்தனை பை மாற்றினாலும் அதே ஒன்றரை நாள்தான்.

முதலில் ஓட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு அட்டையில் வட்டம் வெட்டிக் கொடுத்து, இந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். இன்னும் அதே அட்டையை வைத்துத்தான் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு ஸ்டோமா வீங்கியிருக்கும். அந்த வீக்கம் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மெல்ல வடியும். அதாவது முதல் வாரம் சரியாக இருந்த ஓட்டை ஐந்தாவது வாரத்தில் பெரிதாகிவிடும். ஸ்டோமாவுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு வளையம் போலத் தோல் திறந்து கிடக்கும். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் கலந்திருக்கிறது. உணவைக் கரைக்கிற அதே சரக்கு தோலையும் கரைக்கும். தோல் ஈரமாகிப் புண்ணானால் பிளேட் ஒட்டாது, பிளேட் ஒட்டாவிட்டால் இன்னும் ஒழுகும், ஒழுகினால் இன்னும் புண். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுவாகத்தான் இருக்கும்.

பிளேட் பெட்டிக்குள் பல அளவில் வட்டம் வெட்டிய ஒரு அளவு அட்டை இருக்கும். அதை ஸ்டோமாவின் மேல் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் இடைவெளி விடுகிற வட்டம்தான் சரியான அளவு. ஸ்டோமா வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மேலே வைத்துப் பேனாவால் ஓரத்தை வரைந்து, அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைந்ததைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டால் இடது வலது மாறிவிடும், இதில் நான் இரண்டு பிளேட்டை வீணாக்கியிருக்கிறேன். இடைவெளியே வேண்டாம் என்று இறுக்கமாக வெட்டுவதும் தப்பு. குடல் அசையும்போது பிளேட்டின் ஓரம் ஸ்டோமாவை அறுக்கும், வெளியேறுவது பிளேட்டுக்கு அடியிலும் நுழையும். வெட்டிய பிறகு ஓட்டையின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தேய்த்துப் பிசிறை மழுக்கிவிடுங்கள். எட்டு வாரம் முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை அளங்கள், அதற்கப்புறம் எடை ஏறினாலோ இறங்கினாலோ அளந்தால் போதும்.

அடுத்தது, நிறையப் பேர் செய்யாத ஒன்று. கழற்றின பிளேட்டைச் சுருட்டிக் குப்பையில் போடுவதற்கு முன்னால் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒட்டுகிற அந்தப் பழுப்புப் பசைப் பகுதி ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் வெளுத்து ஊறியிருக்கும், அது இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஊறியிருந்தால், பிளேட் தன் ஆயுளை முடித்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்த முறை அரை நாள் முன்னதாக மாற்றினால் போதும். ஒரு பக்கம் மட்டும் கரைந்து, ஓட்டையிலிருந்து ஓரத்துக்கு வாய்க்கால் வெட்டினமாதிரி ஒரு தடம் போயிருந்தால், அந்தத் திசையில் தோலில் ஒரு பள்ளமோ மடிப்போ இருக்கிறது. கடிகார முகம்போல நினைத்துக்கொண்டு மூன்று மணிப் பக்கம், ஐந்து மணிப் பக்கம் என்று நான்கைந்து முறை குறித்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே மணிதான் வருகிறதா என்று பாருங்கள்.

என் கதை அப்படித்தான். முதல் வருடம் முழுக்க எனக்கு வலது பக்கம் ஒழுகிக்கொண்டே இருந்தது. படுக்கவைத்துப் பார்த்தார்கள், நிற்கவைத்துப் பார்த்தார்கள், எல்லாம் சமமாக இருக்கிறது என்றார்கள், பேஸ்ட்டை இன்னும் தாராளமாகப் போடச் சொன்னார்கள். பிறகு வேறொரு இடத்தில் ஒரு ஸ்டோமா நர்ஸ், "நாற்காலியில் உட்காருங்கள், கொஞ்சம் முன்னால் குனியுங்கள்" என்றார். குனிந்தேன். ஸ்டோமாவுக்கு வலப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு மடிப்பு விழுந்தது. படுத்தால் இல்லை, நின்றால் இல்லை, உட்கார்ந்தால் மட்டும். நாளில் பாதி நேரம் நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன்! பிசைந்து வளைக்கக்கூடிய ஒரு ஒட்டு வளையத்தை எடுத்து, அதில் பாதியைக் கிள்ளி அந்த மடிப்பில் மட்டும் வைத்து அழுத்தி, மேலே நான் ஏற்கெனவே வைத்திருந்த அதே பிளேட்டை ஒட்டினார். நான்கு நாள் நின்றது. கம்பெனியே மாறவில்லை. அப்பாவையும் உட்காரவைத்துப் பாருங்கள், குனியவைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் திரும்பச் சொல்லியும் பாருங்கள்.

பேஸ்ட் என்றதும் ஒரு விஷயம். அதன் பெயரைக் கேட்டு அது பசை என்று நினைத்துவிடுகிறார்கள். ஒட்டவைப்பது அதன் வேலை இல்லை, இடுக்கை அடைப்பதுதான் வேலை. சுவரில் விரிசலுக்குப் பூச்சு வைக்கிறோமே, அந்த வேலை. பிளேட் முழுக்கத் தடவினால் ஒட்டுவதற்குப் பதிலாக வழுக்கும். ஓட்டையின் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு போதும். பல பேஸ்ட்டுகளில் ஆல்கஹால் இருப்பதால் புண்ணில் பட்டால் உயிர் போகிற எரிச்சல் எரியும். அப்பாவுக்கு இப்போது தோல் வெந்திருப்பதால் பேஸ்ட்டை ஒதுக்கிவிட்டு வளையத்துக்குப் போய்விடுங்கள்.

இனி மாற்றுகிற முறை. நேரம் முக்கியம். இலியாஸ்டமிக்குக் காலையில் எழுந்ததும், வயிற்றுக்குள் எதுவும் போவதற்கு முன்னால் மாற்றுவது நல்லது, அப்போதுதான் குடல் ஓரளவு சும்மா இருக்கும். தேவையானதையெல்லாம் முதலில் எடுத்து வைத்து, புதிய பிளேட்டை வெட்டி முடித்துவிட்டுத்தான் பழையதில் கை வைக்க வேண்டும். பழைய பிளேட்டைப் பிய்க்காதீர்கள். மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு கையால் தோலைக் கீழே அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் மெதுவாகச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். பசை நீக்குகிற ஸ்பிரே கிடைத்தால் பாதி வேதனை குறையும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். டெட்டால் மாதிரி கிருமிநாசினி வேண்டாம், குழந்தைக்குத் துடைக்கிற ஈரத் தாள் வேண்டாம், எண்ணெய், கிரீம், லோஷன் எதுவுமே வேண்டாம். ஈரத் தாளிலும் கிரீமிலும் இருக்கிற எண்ணெய்ப் பசை தோலில் தங்கிவிட்டால் பிளேட் நிற்காது. துடைக்கும்போது ஸ்டோமாவில் லேசாக ரத்தம் கசிந்தால் பயப்படாதீர்கள். ஈறு போன்ற இடம் அது, தேய்த்தால் கசியும், கொஞ்ச நேரம் அழுத்தினால் நின்றுவிடும். ஸ்டோமாவில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால்தான் பிளேட் ஓரம் அறுத்தாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் கண்ணால் பார்க்க வேண்டும். சுற்றி முடி இருந்தால் முடி வளர்ந்த திசையிலேயே மழித்துவிடுங்கள். முடியோடு ஒட்டிக் கழற்றினால் வேர்க்காலெல்லாம் புண்ணாகும்.

தோல் வெந்து ஈரமாக இருக்கிற இடத்துக்கு ஸ்டோமா பவுடர் இருக்கிறது. முகத்துக்குப் போடுகிற பவுடர் இல்லை. ஈரமான இடத்தில் தூவி, ஒட்டாத மிச்சத்தைத் தட்டி உதறிவிட்டு, அதன் மேல் தோலைக் காக்கிற ஸ்பிரேயை அடித்துக் காயவிடுங்கள். ஆல்கஹால் இல்லாத ஸ்பிரேயாகப் பார்த்து வாங்க வேண்டும். ரொம்பப் புண்ணாக இருந்தால் இதையே இரண்டு அல்லது மூன்று அடுக்கு போடலாம், மேலே ஒரு பொருக்கு மாதிரி உருவாகும், அதில் பிளேட் ஒட்டும். தோல் ஆறியதும் பவுடரை நிறுத்திவிடுங்கள். நல்ல தோலில் பவுடர் போட்டால் மாவு பூசின பலகையில் ஒட்டினமாதிரிதான் ஆகும். சிவந்து, அரித்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளாகப் பரவினால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்குப் பவுடர் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பிளேட்டை அக்குளிலோ உள்ளங்கைகளுக்கு நடுவிலோ ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். ஒட்டினதும் ஓட்டையைச் சுற்றி விரலால் உள்ளிருந்து வெளியே அழுத்திவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள். அந்தப் பசை உடம்புச் சூட்டில்தான் இளகித் தோலைப் பிடிக்கிறது. ஒட்டின வேகத்தில் எழுந்து வேலையைப் பார்க்கப் போவதுதான் பாதி ஒழுகலுக்குக் காரணம் என்பேன், அவசரக்காரனான எனக்கு இதைப் பழகவே இரண்டு வருடம் ஆனது.

சரி, இப்போது பைக்கு வருகிறேன். ஸ்டோமா எந்த வகையோ அதற்கேற்ற பை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்த கொலாஸ்டமியில் மலம் ஓரளவு கெட்டியாக ஒரு நாளைக்கு ஓரிரு முறை வரும், ஆகவே அவர்கள் மூடிய பையைப் பயன்படுத்தித் தூக்கிப்போட்டுவிடலாம். யூராஸ்டமிக்கு, அதாவது சிறுநீர் வெளியேற வைத்த ஸ்டோமாவுக்கு, சிறுநீர் திரும்பிப் போகாமல் தடுக்கிற வால்வும், அடியில் குழாயும் உள்ள பை. இரவில் அதையே பெரிய பையோடு இணைத்துக்கொண்டு தூங்கலாம். உங்கள் அப்பாவுக்கு அடியில் திறந்து கொட்டுகிற பைதான் வேண்டும், ஏனென்றால் இலியாஸ்டமியில் கூழ்போலவோ அதைவிட நீர்த்தோ நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும், பழகிய குடலில் நாளைக்கு 500 முதல் 800 மில்லி வரை. மூடிய பையை வாங்கிவிட்டு நாளைக்கு ஆறு முறை மாற்றிக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருந்தார், பாவம்.

ஒன் பீஸா டூ பீஸா என்பது பெரும்பாலும் பழக்கம்தான். ஒன் பீஸில் பிளேட்டும் பையும் ஒன்றாகவே இருக்கும், தட்டையாக, உடைக்கு அடியில் தெரியாமல் இருக்கும், வளைந்து கொடுக்கும். ஆனால் பையை மாற்ற வேண்டுமானால் தோலிலிருந்தே உரிக்க வேண்டும். டூ பீஸில் பிளேட் மூன்று நான்கு நாள் தோலிலேயே இருக்கும், பையை மட்டும் கழற்றி மாட்டலாம். கைநடுக்கம் உள்ளவர்கள், கண் மங்கியவர்கள், வேறொருவர் மாற்றிவிட வேண்டியவர்கள் இவர்களுக்கு டூ பீஸில் ஸ்டோமாவைப் பார்த்துக்கொண்டே பிளேட்டை ஒட்ட முடிவது பெரிய சௌகரியம். டூ பீஸில் பிளேட்டின் வளையமும் பையின் வளையமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், பெட்டியில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். ஒரு கம்பெனிப் பிளேட்டில் இன்னொரு கம்பெனிப் பை சேராது. டக்கென்று சத்தம் கேட்டதா, பிறகு பையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தோமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஐந்து வாரத்திலேயே ஓட்டை வெட்டி வருகிற பிளேட்டை மொத்தமாக வாங்கி வைத்துவிடாதீர்கள். அளவு நிலைத்த பிறகு வாங்கலாம்.

உண்மையிலேயே பிளேட்டை மாற்றியாக வேண்டிய ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. இலியாஸ்டமி ஒரு குழாய் மூக்குபோல இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வருவது நேரே பைக்குள் விழும். குடலை இப்படி மடித்து வெளியே நீட்டி வைக்கிற முறையை 1952இல் விவரித்தவர் பிரையன் புரூக் என்ற ஆங்கிலேய சர்ஜன். அதற்கு முன்பு தோலோடு ஒட்டினாற்போல இருந்தவர்களுக்கெல்லாம் தோல் வெந்துகொண்டே இருந்தது. இன்றும் சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டோமா உள்வாங்கிவிடும் அல்லது தோல் மட்டத்திலேயே நின்றுவிடும். அப்படியானால் தட்டையான பிளேட் எந்தக் கம்பெனியுடையதானாலும் நிற்காது. உள்பக்கம் குவிந்த கான்வெக்ஸ் பிளேட் வேண்டும், அது சுற்றியுள்ள தோலை அழுத்தி ஸ்டோமாவை எழுப்பிக்கொடுக்கும், கூடவே பெல்ட் கட்டினால் இன்னும் நல்லது. ஆனால் இதை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். தையல் ஆறாத இடத்திலும் குடலிறக்கம் உள்ள வயிற்றிலும் அந்த அழுத்தம் கெடுதல் செய்யலாம். ஸ்டோமா நர்ஸ் பார்த்துச் சொல்லட்டும். பெரிய கம்பெனிகள் கேட்டால் மாதிரிக்கு ஒன்றிரண்டு அனுப்புவார்கள், பெட்டி பெட்டியாக வாங்குவதற்கு முன் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று நாம் ஒட்டிக் கழற்றித் தூக்கிப்போடுகிற இந்தப் பை வந்ததற்குக் காரணம் எலிஸ் சோரன்சன் என்கிற டென்மார்க் நர்ஸ். அவருடைய தங்கை தோரா ஸ்டோமா வைத்த பிறகு, ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் 1954இல் உடம்பில் ஒட்டிக்கொள்கிற பையை யோசித்தார். வாசலைத் தாண்டமாட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தத் தங்கைதான் ஞாபகம் வந்தார்.

அன்றாட விஷயங்களுக்கு வருவோம். பை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி நிரம்பினதும் கொட்டிவிட வேண்டும். முழுக்க நிரம்பவிட்டால் அந்தக் கனமே பிளேட்டைத் தோலிலிருந்து இழுத்துவிடும். நாளைக்கு ஐந்திலிருந்து எட்டு முறை கொட்டுவது சாதாரணம். கழிப்பறைத் தொட்டியில் முதலில் இரண்டு துண்டு டிஷ்யூவைப் போட்டுவிட்டுக் கொட்டினால் தண்ணீர் மேலே தெறிக்காது. பையின் வாய்ப்பகுதியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டு மூடுங்கள், நாற்றம் வருவது பெரும்பாலும் அந்த வாயில் ஒட்டியிருக்கிற மிச்சத்திலிருந்துதான். சரியாக ஒட்டியிருக்கிற பையில் நாற்றம் வெளியே வராது, கொட்டும்போது மட்டும் வரும். மற்ற நேரத்தில் வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பையில் காற்று போக ஊசியால் ஓட்டை போடுவது, நாற்றத்துக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் போடுவது, இந்த இரண்டு வைத்தியமும் உங்கள் காதுக்கு வரும், இரண்டும் வேண்டாம். ஓட்டை போட்டால் பை வீண், ஆஸ்பிரின் ஸ்டோமாவைப் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும். பைக்குள் விடுகிற வாசனைச் சொட்டு மருந்து தனியாகவே கிடைக்கிறது.

பையின் மேல்பகுதியில் பொட்டுபோல ஒரு ஃபில்டர் இருக்கும், உள்ளே கரி. காற்றை மட்டும் வடிகட்டி வெளியே விடும். நனைந்தால் வேலை செய்யாது, அதனால் குளிக்கும்போது பெட்டியிலேயே வருகிற சின்ன ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டிவிட்டு, குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் ராத்திரி பை பலூன்போல உப்பிக்கொண்டு எழுப்பும். எனக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது இது நடக்கிறது, பதினோரு வருடத்துக்கு அப்புறமும். பையோடும் குளிக்கலாம், மாற்றுகிற நாளில் பை இல்லாமலும் குளிக்கலாம், ஸ்டோமாவுக்குள் தண்ணீர் போய்விடாது. கெட்டியாகப் போகிறவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. பைக்குள் காற்றே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ள, மலம் கீழே இறங்காமல் ஸ்டோமாவின் மேலேயே தேங்கும். மாட்டுவதற்கு முன் பைக்குள் கொஞ்சம் காற்று விட்டு, அதற்கென்று கிடைக்கிற வழுக்கும் ஜெல்லை உள்பக்கம் தடவி, ஃபில்டரில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் சரியாகிவிடும்.

பிளேட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ வந்தால் அப்போதே மாற்றுங்கள், ராத்திரி மூன்று மணியானாலும் சரி. மேலே டேப் ஒட்டிச் சமாளிக்கவே கூடாது. டேப் ஒழுகலை நிறுத்தாது, உள்ளேயே பூட்டிவைத்துத் தோலை ஊறவைக்கும், விடிவதற்குள் இரண்டு நாள் புண் தயார். அதேபோல, ஒழுகாத பிளேட்டைத் தினமும் கழற்றிச் சுத்தம் செய்வதும் வேண்டாம், உரித்து உரித்தே தோல் போய்விடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என்பது நல்ல கணக்கு. பழைய பையின் உள்ளிருப்பதைக் கொட்டிவிட்டு, சுற்றிக் கட்டிக் குப்பையில்தான் போட வேண்டும், கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

உடை விஷயத்தில் இடுப்புப் பட்டை ஸ்டோமாவின் குறுக்கே போகக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேலேயோ நன்றாகக் கீழேயோ இருக்கட்டும். பையை உள்ளாடைக்குள் விட்டுக்கொண்டால் கனம் தாங்கும், ஆடாது. கனமான சாமான் தூக்குவதை இப்போது அறவே விட்டுவிட வேண்டும், ஸ்டோமாவின் ஓரமாகக் குடலிறக்கம் வருவது இதில் ரொம்ப சகஜம். இருமும்போதும் தும்மும்போதும் உள்ளங்கையால் ஸ்டோமாவை லேசாகத் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்வாசல் வழியாக எப்போதாவது சளிபோல வந்தால் அப்பா பதறிவிடுவார். மலக்குடல் எடுக்கப்படாமல் இருந்தால் அது வரும், அது இயல்புதான், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஒழுகுவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. தண்ணீரும் உப்பும். சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சுகிற நீரையும் உப்பையும் பெருங்குடல்தான் திரும்ப உறிஞ்சும், அப்பாவுக்கு அந்த வழி இப்போது இல்லை. இதனால் இலியாஸ்டமிக்காரர்கள் சீக்கிரம் வறண்டுபோவார்கள். அதற்காக வெறும் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தால் அது உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும், பை இன்னும் நிரம்பும். நிறைய போகிற நாளில் ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் சரி. இதய நோய், சிறுநீரக நோய், ரத்த அழுத்தம் இருந்தால் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அளவுக் குவளையைக் கழிப்பறையில் வைத்து இரண்டு மூன்று நாள் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதுங்கள். நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாக வந்தாலோ, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ரொம்ப நீர்த்துப் போனால் பிளேட்டும் நிற்காது, ஆகவே இதுவும் உங்கள் கேள்விக்கான பதில்தான்.

மருந்து வாங்கும்போது இலியாஸ்டமி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் முழுசாகவே பையில் வந்து விழலாம், நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலமிளக்கி எதையும் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாட்டில் இப்போதைக்கு நார் அதிகமுள்ளவை, கொட்டைகள், காளான், சோளம் இவற்றை ஒதுக்கிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, கூழாகும்வரை மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் பைக்கு ஒன்றுமே வராமல், வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் அது அடைப்பு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்டோமா எப்போதும் ஈரமாக, சிவப்பாக இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாகியோ ஊதாவாகவோ கறுத்தோ போனாலும், ரத்தம் நிற்காமல் வந்தாலும் அதே அவசரம்தான்.

வெளியே வரமாட்டேன் என்பதற்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை, எனக்கும் சொன்னார்கள், எரிச்சல்தான் வந்தது. பிளேட் தொடர்ந்து மூன்று நாள் நின்றுவிட்டால் அவராகவே எழுந்து வருவார், பாருங்கள். அதுவரை ஒரு சின்னப் பையைத் தயார் செய்து வையுங்கள். வெட்டி வைத்த பிளேட் இரண்டு, பை இரண்டு, வளையம், துணி, ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், குப்பைக் கவர் நான்கு, மாற்று உடை ஒன்று. வெயிலில் நிற்கிற காருக்குள் இதை விட்டுவிடாதீர்கள், பிளேட்டின் பசை இளகி வீணாகும். விமானத்தில் போவதானால் கத்தரிக்கோலைக் கைப்பையில் அனுமதிக்கத் தகராறு செய்யலாம், அதனால் வீட்டிலேயே வெட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், சாமான் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவது உண்டு. முதல் தடவை பையைக் கொட்டின அரை மணிக்குள் திரும்பி வருகிற தூரத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதலில் போனது தெருமுனை வரைதான், வழி முழுக்கச் சட்டைக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே நடந்தேன், எதிரே வந்தவர் வயிற்று வலியா என்று விசாரித்தார்.

இன்னும் தோல் ஆறவில்லை, ஒழுகல் நிற்கவில்லை என்றால், ஸ்டோமா நர்ஸிடம் போகும்போது இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றின பிளேட்டின் பின்பக்கம் ஒன்று, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அதிலேயே பேனாவால் குறித்துவிட்டு எடுங்கள். பை இல்லாமல், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குனிந்திருக்கும்போது பக்கவாட்டில் எடுத்தது ஒன்று.